நுரை என்னும் சொல்

உலகில் காணும் பொருள்களில் மிக எளியது எது என்று கேட்டால், நுரை என்று பலரும் விடை கூறுவர். கையில் அள்ளினால் அதற்கு எடை இல்லை. மூடிய விரல்களைத் திறப்பதற்குள் மறைந்துவிடுகிறது. ஆகவே நிலையற்ற வாழ்வையும், பொருளற்ற பேச்சையும் குறிக்க வேண்டுமானால் சான்றோர் நுரையை எடுத்துக்காட்டினர். ஆயினும் வேதம் முதல் வீட்டுத் துவைக்கும் கல் வரை இச்சொல் பயின்று வராத இடமில்லை. இவ்வளவு எளிய பொருளுக்கு நம் முன்னோர் இத்தனை இடம் அளித்தது ஏன் என்று சிந்திப்பது சாதகனுக்குப் பயன் தரும்.

தமிழில் நுரை என்பதனைக் கன்னடத்தார் நொரெ என்றும், தெலுங்கர் நுருகு என்றும், மலையாளத்தார் நுர என்றும் கூறுவர். வடமொழியில் இது பேனம். அதிலிருந்தே வங்காளத்தின் ஃபேனாவும் குஜராத்தின் ஃபீணும் வந்தன. இந்தி பேசுவோர் சோப்பு நுரையை ஜாக் என்பர். பூந்திக்கொட்டைக்கு வடமொழியில் பேனிலம் என்ற பெயர் உண்டு. நுரையை உடையது என்பது அதன் பொருள். பட்டுத் துணியையும் பொன் நகையையும் அலச இன்றும் அக்கொட்டையை ஊறவைக்கும் இல்லங்கள் உள்ளன. கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் வெண்ணிற ஓட்டினை மருத்துவர்கள் கடல்நுரை என்றும் சமுத்திரபேனம் என்றும் அழைப்பர். உடலினுள்ளே மூச்சை ஏற்று நிற்கும் உறுப்புக்கு நுரையீரல் என்று பெயர். ஓயாது உழைத்தவனை வாயில் நுரை தள்ள உழைத்தான் என்பர். தைத்திங்களில் புதுப்பானையில் பால் நுரைத்துப் பொங்கி வழிவதை மங்கலம் என்று குரவையிட்டு வரவேற்பர்.

இவ்வாறு ஒரே சொல் தூய்மையையும் உழைப்பையும் மருந்தையும் மங்கலத்தையும் சுட்டுகிறது. வெறுமையையும் அதுவே சுட்டுகிறது. எந்த இடத்தில் எப்பொருளைக் கொள்வது என்று அறிவதே விவேகம்.

கங்கையில் மிதந்த நுரை

பகவான் புத்தர் ஒருமுறை கங்கைக் கரையில் அயோஜ்ஜை என்னும் ஊரில் தங்கியிருந்தார். அப்போது பிக்குகளுக்கு அவர் அருளிய உபதேசம் பாலி மொழியில் பேன சூத்திரம் என வழங்குகிறது. ஆறு அடித்துச் செல்லும் பெரிய நுரைத் திரளை அவர் உவமையாகக் காட்டினார். கண்ணுள்ள ஒருவன் அதனை உற்று நோக்கினால் உள்ளே சாரம் ஒன்றும் இல்லை என்பதைக் கண்டுகொள்வான். உடலையும் அவ்வாறே நோக்குக என்பது அவ்வுபதேசத்தின் கருத்து. உடலுக்கு நுரையையும், உணர்ச்சிக்கு நீர்க்குமிழியையும், மனம் கொள்ளும் குறிப்புக்குக் கானல்நீரையும், எண்ணச் செயல்களுக்கு வாழைத்தண்டையும், அறிவுக்கு மாயவித்தையையும் அவர் உவமித்தார்.

அத்வைத ஆசாரியர்களும் இதே நுரையை எடுத்தனர். சங்கரர் பெயரால் வழங்கும் விவேகசூடாமணியில் அலை, நுரை, சுழல், குமிழி ஆகியவை பேசப்படுகின்றன. பெயராலும் வடிவாலும் இவை வேறுபடினும் இயல்பால் நீரன்றி வேறில்லை என்பது அங்குக் காட்டப்படும் உண்மை. புத்தர் நுரையினுள் சாரம் இல்லை என்றார். வேதாந்தி நுரையின் சாரம் நீர் என்றான். இரு நெறியினரின் முடிபும் வேறு; ஆயினும் இருவரும் சாதகனிடம் வேண்டுவது ஒன்று உண்டு. நான், எனது என்று அவன் பற்றிக்கொண்டிருப்பதன் இலேசான தன்மையை அவனே கண்டறிய வேண்டும் என்பதே அது.

இங்கு ஒரு நுட்பத்தை மறந்துவிடலாகாது. இந்த உவமை தன்னை நோக்கிச் சொல்லிக்கொள்வதற்காகத் தரப்பட்டது. தன் புகழும் தன் உடலழகும் தன் மனக்குறையும் நுரை என்று ஒருவன் உணர்ந்தால் அது வைராக்கியம். அயலான் பசித்து நிற்கும்போது, உடலே நுரைதானே, பசி எதற்கு என்று கூறினால் அது வேதாந்தம் அன்று, கல்மனம். மருந்தை மாற்றி உண்டால் நஞ்சாவது போல, தனக்குரிய உவமையைப் பிறர்க்கு உரியதாக்கினால் ஞானமே கொடுமையாகிவிடுகிறது. இதனை விளக்கும் கதை ஒன்று மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் உள்ளது.

கன்றின் வாய் நுரை

தௌம்ய முனிவரின் சீடன் உபமன்யு. பாற்கடல் பெற்றதாகச் சைவ மரபு போற்றும் உபமன்யு முனிவர் வேறு, இவன் வேறு. குரு இவனைப் பசுக்களை மேய்க்கும் பணியில் அமர்த்தினார். பல நாட்கள் சென்றும் சீடனின் உடல் மெலியவில்லை. எதை உண்கிறாய் என்று குரு வினவினார். பிச்சை ஏற்று உண்பதாகச் சொன்னான். எனக்கு அளிக்காமல் உண்ணலாகாது என்றார். மறுநாள் முதல் பெற்ற பிச்சை முழுவதையும் குருவிடம் ஒப்படைத்தான். அவர் அதில் ஒன்றையும் திருப்பித் தரவில்லை. அப்போதும் உடல் வாடவில்லை. மீண்டும் ஒருமுறை சென்று பிச்சை ஏற்பதாகச் சொன்னான். பிச்சையால் வாழும் மற்றவர்களின் பங்கை நீ எடுக்கிறாய் என்று குரு அதனையும் தடுத்தார். பசுவின் பாலை அருந்தினான். என் அனுமதியின்றி அதுவும் முறையன்று என்றார்.

இனி ஒன்றும் மிச்சமில்லை என்ற நிலையில், கன்றுகள் தாய்மடியில் பால் குடித்தபின் அவற்றின் வாயோரம் வழியும் நுரையை அவன் பருகினான். அது எவர்க்கும் பயன்படாதது; தரையில் சிந்தி மறைவது; அதைக் கொள்வதில் என்ன பிழை என்று எவரும் கருதுவர். குருவோ வேறொன்றைக் கண்டார். இக்கன்றுகள் நல்லியல்பு உடையவை. உன்மீது கொண்ட இரக்கத்தால் மிகுதியான நுரையை வெளிவிடுகின்றன. ஆகவே நீ அவற்றின் உணவைக் குறைக்கிறாய் என்று கூறினார்.

இக்கதையில் கூர்ந்து நோக்கத் தக்கது இந்த ஓர் இடமே. சீடன் வீணாகும் நுரையைக் கண்டான். குரு கன்றின் பசியைக் கண்டார். பேசத் தெரியாத ஓர் உயிர் இரக்கத்தினால் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. பெறுபவனுக்கு அது தெரிவதே இல்லை. இல்லங்களில் தாய்மார்கள் கடைசியில் அமர்ந்து உண்பதும், தனக்குப் பசியில்லை என்று சொல்வதும் இத்தகையதே. தட்டில் கூடுதலாக வந்து விழுவது எவருடைய பங்கு என்று உண்பவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அதன்பின் உபமன்யு எருக்கிலையை உண்டு பார்வையிழந்து பாழ்ங்கிணற்றில் வீழ்ந்தான். தேடிவந்த குருவின் சொற்படி அசுவினி தேவர்களைத் துதித்தான். அவர்கள் அளித்த அப்பத்தையும் குருவுக்குப் படைக்காமல் உண்ண மறுத்தான். அந்த உறுதியைக் கண்டு மகிழ்ந்த தேவர்கள் அவனுக்குப் பார்வையை மீட்டளித்தனர். எருக்கு மறைத்தது புறக்கண்ணை. அதற்கு முன்பே அவனுக்கு மறைந்திருந்த ஒன்றைக் குருவின் சொல் திறந்துவிட்டிருந்தது.

கஞ்சிக்காக எழுந்த குரல்

வங்காளத்தில் சோற்றை நிறைய நீரில் வேகவைத்து வடிப்பர். பானையில் நுரைத்து எழும் அந்தக் கொழுநீருக்கு ஃபேன் என்று பெயர். வடமொழியின் பேனம் என்ற சொல்லே அவ்வாறு திரிந்து சமையலறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதனை வடிகஞ்சி என்பர். வசதியுள்ள வீடுகளில் அது மாட்டுக்கு ஊற்றப்படும். பருத்திப் புடவைக்கு மொடமொடப்பு ஏற்ற உதவும். அல்லது வடிகாலில் சேரும்.

1943ஆம் ஆண்டில் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் சூழ்ந்தது. உலகப்போரின் நெருக்கடியும், விண்ணை முட்டிய அரிசி விலையும், ஆட்சியாளரின் அலட்சியமும் சேர்ந்து கிராமத்து ஏழைகளைக் கல்கத்தா நகரின் வீதிகளுக்குத் துரத்தின. 1945இல் அறிக்கை அளித்த விசாரணைக் குழு மாண்டோர் தொகையை ஏறத்தாழ 15 லட்சம் என மதிப்பிட்டது. பின்னர் ஆராய்ந்த அறிஞர்கள் 30 லட்சம் வரை கூறுகின்றனர். அந்நாட்களில் கல்கத்தா இல்லங்களின் வாயில்களில் இரவும் பகலும் ஒரு குரல் கேட்டது. "ஃபேன் தாவோ, மா" என்பதே அக்குரல். அம்மா, கஞ்சித் தண்ணீர் கொடு என்பது அதன் பொருள்.

சோறு கேட்கும் துணிவு அவர்களுக்கு இல்லை. சோற்றைக் கேட்டால் கதவு மூடப்படும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். வடித்துக் கொட்டுவதையேனும் தாருங்கள் என்று இரந்தனர். நுரை என்னும் சொல் மனித வரலாற்றில் இதைவிடப் பெரிய பொருளை ஏற்றதில்லை எனலாம். ஒரு வீட்டின் கழிவு மற்றொரு குழந்தையின் உயிராக இருந்தது. அக்குரலைக் கேட்டுப் பானையோடு எழுந்து வந்த தாய்மார்களும் இருந்தனர். சாளரத்தை அடைத்தவர்களும் இருந்தனர். இருசாராரும் கோயிலுக்குச் சென்றவர்களே. இருசாராரும் உலகம் நிலையற்றது என்று கேட்டறிந்தவர்களே. ஒருவர் கற்ற வேதாந்தம் எத்தகையது என்பதை அந்த வாயிற்படி காட்டிக்கொடுத்தது.

அழுக்கு உள்ளவரை நுரை எழாது

இனி அன்றாடம் கையாளும் சோப்பு நுரைக்கு வருவோம். நுரை மிகுந்தால் தூய்மை மிகும் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மை அவ்வாறில்லை. சோப்பின் நுண்துகளுக்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெய்ப் பசையை நாடும். பசையை நாடும் முனைகள் அழுக்கைச் சூழ்ந்து பற்றிக்கொள்ள, நீரை நாடும் முனைகள் அதனை நீரோடு இழுத்துச் செல்கின்றன. இப்பணி நீருக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்கிறது. மேலே எழும் நுரை காற்றை அடைத்த மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே. முன்புறக் கதவுள்ள சலவை இயந்திரங்களுக்கு நுரை குறைந்த தூளையே பயன்படுத்துமாறு அறிவுறுத்துகின்றனர். நுரை பெருகினால் துணிகள் நன்கு புரள்வது தடைப்படும்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர் அனைவரும் இதனை அறிவர். முதன்முறை சீயக்காயோ சோப்போ தேய்க்கும்போது நுரை எழுவதில்லை. எண்ணெயைப் பற்றி இழுக்கும் கடும்பணியில் அது முழுவதும் செலவாகிவிடுகிறது. இரண்டாம் முறை தேய்க்கும்போது வெண்ணுரை குவிகிறது. பெரும்பணி முடிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

தொண்டிலும் சாதனையிலும் இந்நிலையே உள்ளது. நோயாளியின் புண்ணைக் கழுவுபவரிடமும், முதியோரின் படுக்கையை மாற்றுபவரிடமும், சத்சங்கம் முடிந்தபின் இலை எடுத்துத் தரை துடைப்பவரிடமும் நுரை காணப்படுவதில்லை. அவர்தம் ஆற்றல் அனைத்தும் அழுக்கோடு போராடுவதில் கரைந்துவிடுகிறது. மேடையில் பாராட்டும் மாலையும் குவிவது பெரும்பாலும் கடினமான பணி முடிந்த பிறகே; பல வேளைகளில் அப்பணியைச் செய்யாதவர் மீதே. ஜபத்தில் அமரும் புதிய சாதகன் மனத்தில் ஆனந்தம் பொங்கவில்லையே என்று சோர்வடைகிறான். பல்லாண்டுப் பசை படிந்த மனத்தில் நாமம் முதலில் செய்யும் பணி கண்ணுக்குத் தெரியாது. நுரை எழவில்லை என்று சோப்பை எறிந்துவிடுபவன் தலையில் எண்ணெயோடு நிற்பான்.

நுரை எழுந்த பிறகும் ஒரு கடமை உண்டு. அதனைத் தெளிந்த நீரால் அலசிவிட வேண்டும். அலசப்படாத சோப்பு துணியில் தங்கினால் அதுவே அழுக்கைச் சேர்க்கும். தொண்டு செய்தேன் என்ற எண்ணமும் அத்தகையது. அழுக்கை அகற்றிய கருவியையும் இறுதியில் அகற்றுவதே தூய்மையின் நிறைவு. பலனை இறைவனுக்கு அர்ப்பணிப்பது என்று பெரியோர் கூறியது இந்த அலசுதலையே.

இந்திரனைத் தொடர்ந்த தலை

அலசிய நீர் எங்கே செல்கிறது என்ற வினாவும் இன்று சாதகன் முன் நிற்கிறது. இதற்கும் பழங்கதை ஒன்று வழிகாட்டுகிறது. நீரின் நுரையால் இந்திரன் நமுசியின் தலையைக் கொய்த செய்தி ரிக்வேதத்திலேயே உள்ளது. பின்வந்த நூல்கள் அதனை விரித்துரைத்தன. நமுசியோடு நட்புப் பூண்டிருந்த இந்திரன், ஈரமான பொருளாலோ உலர்ந்த பொருளாலோ, பகலிலோ இரவிலோ உன்னைக் கொல்லேன் என்று வாக்களித்திருந்தான். பின்னர்ப் பகலும் இரவும் அல்லாத நேரத்தில், ஈரமும் உலர்வும் அல்லாத நுரையைக் கொண்டு அவனைக் கொன்றான். சொல்லளவில் வாக்கு மீறப்படவில்லை. ஆனால் மகாபாரதத்தின் சல்லிய பர்வம் கூறுவதாவது: அறுபட்ட அத்தலை, நண்பனைக் கொன்றவனே என்று கூவிக்கொண்டு இந்திரனைத் துரத்தியது. சரசுவதி நதியோடு அருணை நதி கலக்குமிடத்தில் நீராடிய பின்னரே அவன் பழி நீங்கியது.

இந்திரன் கூறியது போன்ற சமாதானத்தை இன்றைய இல்லறத்தாரும் கூறக்கூடும். ஆற்றில் எவரும் நேரே நஞ்சைக் கொட்டவில்லை. வீட்டில் துணி துவைத்தோம், நீர் சாக்கடையில் சென்றது. அதில் என்ன பிழை என்பர். அந்நுரை எங்கும் மறைந்துவிடுவதில்லை. யமுனை நதியின் நீளம் 1,376 கி.மீ. அதில் தில்லியில் வசீராபாத் முதல் ஓக்லா வரை உள்ள 22 கி.மீ. மொத்த நீளத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆயினும் நதி சுமக்கும் மாசின் பெரும்பகுதி இவ்விடத்திலேயே சேர்கிறது. முறையாகச் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரோடு சலவைத்தூளின் இரசாயனங்களும் ஆற்றில் கலக்கின்றன. ஓக்லா தடுப்பணையில் நீர் உயரத்திலிருந்து விழும்போது கடைந்ததுபோல் நுரை எழுகிறது. குளிர்காலத்தில் அது எளிதில் கலையாமல் பனிப்பாறை போல் ஆற்றை மூடுகிறது.

கார்த்திகை வளர்பிறைச் சஷ்டியில், தீபாவளிக்கு ஆறாம் நாள், பீகார் முதலிய பகுதி மக்கள் சூரியனுக்குச் சட் பூசை செய்வர். ஏறத்தாழ 36 மணி நேரம் நீரும் அருந்தாமல் விரதமிருந்து, ஆற்றில் இறங்கி, மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் அர்க்கியம் தருவர். 2021 நவம்பரில் காளிந்தி குஞ்ச் பகுதியில் விரதப் பெண்கள் இடுப்பளவு நச்சு நுரையில் நின்று கைகூப்பிய படங்களை நாடே கண்டது. தூய்மையின் சின்னமாக வீட்டை விட்டுப் புறப்பட்ட நுரை, தூய விரதத்தின் நடுவே வந்து நின்றது. காளியன் நஞ்சு கலந்த காளிந்தியில் நீர் பருகிய ஆயர்களும் பசுக்களும் மயங்கி வீழ்ந்ததைப் பாகவதம் கூறும். அன்று நஞ்சு ஒரு பாம்பிடமிருந்து வந்தது. இன்று அது இல்லந்தோறும் இருந்து வருகிறது. பழி நீங்க இந்திரனுக்கு நீராட ஒரு நதி இருந்தது. அந்த நதியே நுரையால் மூடப்பட்டால் மனிதன் எங்குச் சென்று நீராடுவான்?

இது நம்பிக்கை இழப்பதற்குரிய செய்தியன்று. மேலை நாடுகளின் ஆறுகளும் ஒரு காலத்தில் சலவைத்தூளின் நுரையால் மூடுண்டிருந்தன. 1960களில் அங்குள்ள உற்பத்தியாளர்கள், எளிதில் சிதையக்கூடிய மூலப்பொருளுக்கு மாறினர்; கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் விரிவடைந்தது; நுரை தணிந்தது. அரசுகள் செய்யவேண்டியதை அரசுகள் செய்தாக வேண்டும்; அதனைக் கேட்பதும் குடிமக்களின் தருமம். இல்லத்தில் செய்யத் தக்கவை அவரவர் கையில் உள்ளன. நுரை வரவில்லை என்று இரண்டாம் கரண்டித் தூளைக் கொட்டாதிருக்கலாம். பாஸ்பேட் கலவாத தூளைத் தேர்ந்தெடுக்கலாம். பூந்திக்கொட்டையும் சீயக்காயும் போதுமான இடத்தில் அவற்றையே பயன்படுத்தலாம். அலசிய நீரின் மறுமுனையில் ஒருவர் நீராட நிற்கிறார் என்பதை நினைவில் கொள்ளலாம்.

சாதகன் ஒவ்வொரு நாளும் கைகழுவும்போது உள்ளங்கையில் சிறிது நுரை எழுகிறது. அவ்வேளையில் தன் பெருமையை அந்நுரையாக நினைத்து நீரில் விட்டுவிடுவானாக. வடித்த கஞ்சியைக் கொட்டுமுன் அதற்கு உரியவர் வாயிலில் நிற்கிறாரா என்று ஒருமுறை பார்ப்பானாக. கன்றின் பசியைக் கண்ட குருவின் பார்வையை வேண்டுவானாக. அப்பார்வை எல்லா அன்பர்க்கும் வாய்க்கப் பரம்பொருள் அருள்புரிவதாக.